வயிற்றுவலியில் செத்த சாமி

1

பிப்ரவரி இரண்டாம் வாரம் என் மகள் மதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கனடாவில் அந்த வகுப்பில் சில பாடங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணக்கோ கம்ப்யூட்டரோ எடுப்பாள் என்று நினைத்தேன். உலகத் தொன்மங்கள் என்று ஒன்றை எடுத்திருந்தாள். கிரேக்கச் சாமிகள், எகிப்துச் சாமிகள், பனிநாட்டுச் சாமிகள்.

"இதப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று கேட்டேன்.

"நீ படிச்சதுக்கும் தக்காளிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள்.

நான் பி.எஸ்சி. வேதியியல். எரி என்னும் ஏரியின் கரையில் உள்ள ஒரு கண்ணாடிக் கூடாரப் பண்ணையில் பதினைந்து வருடமாகத் தக்காளி பேக் செய்கிறேன்.

அந்தத் தாளில் ஆறு கட்டங்கள் இருந்தன. உங்கள் குடும்பத்தில் வழங்கும் ஒரு தொன்மத்தை எடுத்துக்கொள்க. தெய்வத்தின் பெயர். அது எதைக் காக்கிறது. அதன் அடையாளம். அதற்குப் படைப்பது. அது எப்படித் தெய்வமானது. இந்தக் கதை அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்கிறது. பிறகு வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும்.

எத்தனையோ சாமி இருக்கிறது. முருகனைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எடுத்தது எங்கள் வீட்டுக் கன்னிச்சாமியை. சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்டங்களை ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். காப்பது: கல்யாணம், பரீட்சை, தலைவலி. அடையாளம்: பச்சைப் பாவாடை, பச்சைத் தாவணி. படைப்பது: அதிரசம், கண்ணாடி வளையல், ரிப்பன்.

ரிப்பன் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் பாலுக்கும் தயிருக்கும் அவளையே எழுப்பி ஏவினேன்.

கன்னிச்சாமி என்றால் என்னவென்று தேனிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவது. ஒரு பெட்டியில் அவளுக்குப் புதுத் துணி இருக்கும். ஒவ்வொரு மாசியிலும் சிவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்து, போன வருடத்துத் துணியை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். எடுத்த துணியை அந்த வீட்டுக் கல்யாணமாகாத பெண் உடுத்த வேண்டும். அவள் உடுத்தினால் செத்தவள் உடுத்தின மாதிரி.

எங்கள் வீடு கம்பம் பள்ளத்தாக்கில், ஓடைப்பட்டிக்குத் தெற்கே திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே இப்போது அண்ணன் இருக்கிறான். அவன் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டதால், மூன்று வருடமாக அந்தப் பழைய துணியை மதிக்குக் கூரியரில் அனுப்புகிறான். சுங்கத்துத் தாளில் "பயன்படுத்திய ஆடை, மதிப்பு இல்லை" என்று எழுதியிருப்பான். போன வருடம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, துணி புதுசாக இருக்கிறதே, பயன்படுத்தியவர் யார் என்று தபால் அலுவலகத்தில் கேட்டார்கள். என் சகோதரி என்றேன். அவருக்கு இப்போது தேவையில்லையா என்று கேட்டார்கள். தேவையில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் உள்கதவுகள் எதற்கும் பூட்டோ தாழ்ப்பாளோ கிடையாது. வீடு வாங்கிய வாரமே ஸ்குரு டிரைவர் வைத்து எல்லாவற்றையும் நானே கழற்றினேன். குளியலறை உட்பட. என் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் அமெரிக்கச் சாலையில். வீட்டில் இருக்கும் நாட்களில் குளியலறைக்குள் ஆள் இருப்பது தெரிய பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பார். மதிக்கு இது பெரிய அவமானம். தன் கதவில் பூட்டு இருந்த ஓட்டையில் ஒரு காலுறையைத் திணித்து வைத்திருக்கிறாள். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. பதிமூன்று வயதிலிருந்து என்னோடு அவளுக்கு இருக்கிற சண்டை முக்கால்வாசி அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

2

ஞாயிறு காலை மதி அண்ணனுக்கு வீடியோ போட்டாள். அங்கே சாயந்திரம். அவன் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னா மருமகளே, மாமன மறந்துட்டியா?"

"இல்ல மாமா. உங்கள இன்டர்வியூ பண்ணணும். ஸ்கூலுக்கு."

"என்னையா? வார்டு எலெக்‌ஷன்ல நின்னு தோத்தப்பகூட ஒரு பய என்னைய இன்டர்வியூ பண்ணல. கேளு கேளு."

"நம்ம வீட்டுச் சாமி பத்தி. பெரியம்மா எப்படி சாமி ஆனாங்க?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். முகம் மாறியது.

"ஒங்க பெரியம்மா சாதாரணப் பிறவி இல்ல தாயி. சின்னதுலேர்ந்தே அவுகளுக்கு ஒரு களை உண்டு. ஆம்பளைக முகத்த நிமிந்து பாக்க மாட்டாக. சத்தமா ஒரு வார்த்த பேச மாட்டாக. ஒரு நா உச்சிப்பொழுதுல பந்தலுக்குள்ள போனாக. வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்து படுத்தாக. தீராத வயித்துவலி. ஆசுபத்திரிக்குத் தூக்குறதுக்குள்ள ஆத்தா கூப்பிட்டுக்கிட்டா."

"எந்த ஆத்தா மாமா?"

"எல்லாத்துக்கும் ஒரே ஆத்தாதான். நீ எழுதிக்க. அந்த வருசம் நம்ம தோட்டத்துல மட்டும் கொலை கொலையா பழம் வெடிச்சுப் போச்சு. பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணும் இல்ல. ஒங்க தாத்தாவுக்கு ஒரு பக்கம் கை விளங்கல. கோடாங்கியக் கூட்டியாந்து உடுக்கடிச்சுக் கேட்டோம். 'அவ எங்கயும் போகல, இங்கனதான் உக்காந்துருக்கா, பச்சைத் துணி கேக்குறா'ன்னு சொன்னாரு. அன்னைலேர்ந்து கும்பிடுறோம். ஒரு குறை வைக்கல அவுக."

மதி எழுதிக்கொண்டே போனாள். "சூப்பர் மாமா. அவங்க பேரு என்ன? மொதக் கட்டமே பேருதான்."

"பேரெல்லாம் சொல்லப்படாது."

"ஏன்?"

"சொன்னா வந்துருவாக."

"வந்தா நல்லதுதானே? சாமிதானே?"

அண்ணன் சிரித்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டு, "அம்மா அங்கன இருக்காளா?" என்று கேட்டான்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடவில்லை. தண்ணீர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

3

அவுகளாம். உயிரோடு இருந்த வரை அண்ணன் என் அக்காவை "ஏ கழுத" என்றுதான் கூப்பிட்டான்.

அக்கா சத்தமாகத்தான் பேசுவாள். சின்னமனூர் பஸ் கண்டக்டர் விசில் ஊதுவதை அப்படியே செய்து காட்டுவாள். ஆம்பளைகளின் முகத்தை நிமிர்ந்து மட்டுமல்ல, முறைத்தும் பார்ப்பாள். பழுக்காத திராட்சையை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பாள். அதிரசம் அவளுக்குப் பிடிக்காது, எண்ணெய் நாற்றம் என்பாள். பச்சை நிறமும் பிடிக்காது. சுடிதார் ஒன்று கேட்டு ஒரு வருடம் அழுதாள், அப்பா வாங்கித் தரவில்லை. இப்போது அவளுக்கு வருடா வருடம் பச்சைத் தாவணியும் அதிரசமும் வைக்கிறார்கள். செத்த பிறகும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. கோடாங்கியிடம்தான் கேட்டார்கள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. திராட்சைப் பெட்டி ஏற்ற வரும் வேனில் ஒருவன் வருவான். அவன் வேறு சாதி. இதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அவனைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அவ்வளவுதான்.

எனக்குப் பதிமூன்று வயது. அவளுடைய நோட்டுக்குள் அவன் போட்டோ இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் என் புது ரிப்பனை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆத்திரத்தில் அம்மாவிடம் போட்டோவைச் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். ஒரு ரிப்பனுக்கு நான் செய்த வேலை அது.

உரம் வைக்கிற அறையில் அவளைப் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்று நாள். அம்மா சோற்றை வைத்துவிட்டு வருவாள், தட்டு அப்படியே திரும்பி வரும். மூன்றாம் நாள் காலையில் அப்பா உள்ளே போனார். அந்த அறையில் உரம் மட்டும் இல்லை. திராட்சைக்கு அடிக்கிற மருந்தும் அங்கேதான் இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "இனி ஒன் பாடு, நீயே முடிவு பண்ணிக்க" என்று அப்பா சொன்னது வெளியே கேட்டது. திரும்பி வந்து தாழ்ப்பாளைப் போட்டார். அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். போகும்போது என்னிடம், "தெறந்த, நீயும் உள்ள போவ" என்றார்.

அவர்கள் போனதும் அக்கா கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இருக்கியாடி? தெறடி. நான் ஓடிப் போயிருவேன், நீ தெறந்தன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்."

நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒன் ரிப்பன் பத்திரமா இருக்குடி. மடிச்சு வச்சுருக்கேன். அழுக்காக்கல. தெறடி."

தாழ்ப்பாள் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. எண்ணெய் போட்டது, ஒரு விரலால் தள்ளினால் போகும். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை எடுத்தபோது உள்ளே சத்தம் இல்லை.

போலீஸ் வந்தது. அண்ணன் பேசினான், ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து மருந்தைக் குடித்துவிட்டாள் என்று எழுதினார்கள். இந்த வயிற்றுவலியை உங்களுக்கும் தெரியும். பேப்பரில் ஓரமாக மூன்று வரியில் வரும். நம் பக்கத்துப் பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வயிற்றுவலி என்று ஒரு டாக்டரும் கேட்டதில்லை. அண்ணன் மதியிடம் சொன்ன கதை போலீஸ் எழுதிய அதே கதைதான். மருந்தை எடுத்துவிட்டு ஆத்தாவை வைத்திருக்கிறான்.

நான் வேலை செய்யும் பண்ணையில் பூச்சிமருந்துக்கு ஓர் இரும்பு அலமாரி உண்டு. பூட்டுப் போட்டிருக்கும். சாவி மேற்பார்வையாளரிடம். எடுப்பவர் பெயர், நேரம், எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் பயிற்சியில் அதன் முன்னால் எங்களை நிறுத்தி, அறைக்குள் தனியாக யாரும் மருந்தோடு இருக்கக் கூடாது, இதுதான் முதல் விதி என்றார்கள். எனக்கு வாந்தி வந்தது. கர்ப்பமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

4

கேட்பவர்கள் நம்பும்படி மதி ஐந்தாவது கட்டத்தை அழகாக எழுதியிருந்தாள். திராட்சைப் பந்தல், உச்சி வெயில், அம்மன் கூப்பிடும் குரல். வகுப்பில் பேசும்போது மாமா அனுப்பிய பச்சைப் பாவாடை தாவணியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அளவு பார்க்கக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பதினேழு வயது. அக்காவின் அதே தோள், அதே முறைப்பு. "நல்லா இருக்கா?" என்றாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன்.

"கழட்டு" என்றேன்.

"ஏம்மா?"

"கழட்டுன்னா கழட்டு."

கதவை அறைந்தாள். ஓட்டையிலிருந்த காலுறை கீழே விழுந்தது.

மறுநாள் மதியம் கடைக்குப் போனோம். அவளோடு நிம்மதியாகப் பேச முடிகிற இடம் கார்தான். முகம் பார்க்க வேண்டியதில்லை. கடை வாசலில் நிறுத்திவிட்டு, வண்டியை அணைக்காமல், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்பன் வரை. என் கணவருக்கும் முழுசாகச் சொல்லியதில்லை. மகளிடம் சொல்லும்போது பாதி தமிழ், பாதி இங்கிலீஷ் என்று வந்தது. உரம் வைக்கிற அறைக்கு அவளுக்குப் புரிகிற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. "கராஜ் மாதிரி" என்றேன்.

"நீ ஏன் திறக்கல?" என்றாள் மதி.

"பயம்."

"உனக்கு பதிமூணு வயசும்மா."

"தெறக்கத் தெரிஞ்ச வயசு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் விழும் பனியைப் பார்த்துக்கொண்டே, "அதனாலதான் என் ரூம் லாக்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் சாக்ஸ் வச்சிருக்க மாட்டேன்" என்றாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை.

பிறகு அவளாக ஒரு கதை சொன்னாள். வகுப்பில் படித்த கிரேக்கக் கதை. பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாளத்து ராசா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் அம்மா பைத்தியம் பிடித்தது போல உலகம் முழுக்கத் தேடுகிறாள். அந்தக் கோபத்தில் பயிர் பச்சை எல்லாம் கருகிப்போகிறது. கடைசியில் சாமிகளே பயந்து மகளைத் திருப்பி அனுப்புகிறார்கள், பாதி வருடத்துக்காவது.

"உங்க அம்மா தேடலையா?" என்று கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு மக எங்க இருக்கான்னு தெரியும். அவதான் சோறு வச்சுட்டு வந்தா."

அம்மா இன்னும் இருக்கிறாள். அண்ணன் வீட்டில். வாரம் ஒரு தடவை போனில் "சாப்ட்டியா" என்பாள், "சாப்ட்டேன்" என்பேன். இருபத்தெட்டு வருடமாக எங்களுக்குள் இருக்கிற பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மதி ஐந்தாவது கட்டத்தை அழித்தாள். "நிஜத்த எழுதவா?" என்றாள். எழுது என்றேன். "பேர் எழுதவா?"

"பேரு வேண்டாம்."

அண்ணனை இவ்வளவு திட்டி எழுதுகிறேனே, பேர் என்று வந்தபோது எனக்கும் அதே பயம்தான். நானும் அவள் செத்த நாளிலிருந்து அந்தப் பேரைச் சொன்னதில்லை. சொன்னால் வருவாள். வந்தால் என்னிடம்தான் முதலில் வருவாள்.

மதி முதல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாள்.

5

வெள்ளிக்கிழமை பேசினாள். பாவாடை தாவணியைக் கட்டிக்கொள்ளவில்லை. மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் பேசினாளாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "யாரும் கை தட்டல" என்றாள். ஒரு பையன் மட்டும், இது தொன்மத்தில் சேருமா என்று ஆசிரியரிடம் கேட்டானாம். ஆசிரியர் தெரியவில்லை என்றாராம்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. நேரில் வர வேண்டும், அவசரம் இல்லை, ஆனால் இன்றே வந்தால் நல்லது. இந்த ஊர் மரியாதையில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பேக்கிங் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன்.

ஆலோசகர் அறை. அறுபது வயது இருக்கும் அம்மாளுக்கு. மேசையில் டிஷ்யூ பெட்டி, ஒரு கரடி பொம்மை. மதி கொடுத்த தாளின் நகலை முன்னால் வைத்திருந்தார். வருத்தம் தெரிவித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"இது விதிப்படி நான் கேட்க வேண்டியது. உங்கள் மகள் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாளா?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.

"அவள் யாரையாவது விரும்பினால் அவளுக்கு ஆபத்து உண்டா? இந்தியாவுக்கு அழைத்துப்போகும் திட்டம் உண்டா? உங்கள் வீட்டில் உள்ள யாராவது, அல்லது உறவினர் யாராவது, அவளுக்குத் தீங்கு செய்யக்கூடியவர்களா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் அவரே அடுத்ததைக் கேட்டார். "அவள் அறைக்குப் பூட்டு இல்லை என்று முன்பு ஒரு முறை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கழற்றியது நீங்களா?"

எழுந்து நின்றுவிட்டேன். என் இங்கிலீஷ் கோபத்தில் இன்னும் மோசமாகும். நாங்கள் காட்டுமிராண்டிகள் இல்லை என்றேன். என் அக்கா எங்கள் வீட்டில் சாமி என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அது அந்த அறையில் எப்படிக் கேட்கும் என்று புரிந்தது. அந்த அம்மாளின் பேனா நின்றுவிட்டது.

"நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை" என்றார். "ஒரு பெண் பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் யாராவது கேட்க வேண்டும். அதற்காகக் கேட்கிறேன்."

யாராவது கேட்க வேண்டும்.

உட்கார்ந்தேன். கோபம் போகவில்லை, ஆனால் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அக்கா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அவளோடு திராட்சை வெட்டியவர்கள் பத்துப் பேர். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். பால்காரர். வீட்டுக்குள் வந்து டீ குடித்துவிட்டுப் போன போலீஸ்காரர். கோடாங்கிகூட உடுக்கையடித்து அவளையே வரவழைத்தாராம், அவரும் என்ன துணி வேண்டும் என்றுதான் கேட்டாரே ஒழிய எப்படிச் செத்தாய் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெண் பாதுகாப்பாக இருக்கிறாளா என்ற கேள்வியை முதல்முதலாகக் கேட்டது, என் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத இந்த அம்மாள். இருபத்தெட்டு வருடம் பிந்தி.

"பூட்டை நான்தான் கழற்றினேன்" என்றேன். "வெளியே இருந்து யாரும் யாரையும் பூட்டக் கூடாது என்று கழற்றினேன். என் அக்காவைப் பூட்டியிருந்தார்கள். நான் வெளியே இருந்தேன்."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. பிறகு தன் படிவத்தைப் பார்த்து, மதி பாதுகாப்பாக இருக்கிறாள் என்று நம்புவதாக எழுதப்போவதாகச் சொன்னார். கோப்பில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும் என்றார்.

"இறந்துபோன உறவினரின் பெயர் இங்கே கேட்கிறது. மகளின் தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்."

விட்டுவிடலாம் என்பது அவருக்குச் சுலபம். ஊரில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். போலீஸ் தாளில் இன்னார் மகள், வயது பதினெட்டு என்று பேர் இருந்திருக்கும், கூடவே வயிற்றுவலியும் இருந்திருக்கும். உண்மை எழுதிய ஒரு தாளில் அவள் பேர் இதுவரை இல்லை.

"தவமணி" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஆள் இல்லை.

"எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?"

டி. எச். ஏ. வி. ஏ. எம். ஏ. என். ஐ. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, சரிதானா என்று தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குக் கீழே, இறந்த காரணம் என்ற இடத்தில் "குடும்பத்தினரால்" என்று எழுதியிருந்தார்.

சரி என்றேன்.

6

மதி தன் தாளைப் படம் பிடித்து அண்ணன் மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். இப்போது அதன் முதல் கட்டத்தில் பேர் எழுதியிருந்தாள். நான்தான் சொன்னேன். அண்ணன் மறுநாளே கூப்பிட்டான். எடுத்ததும் கத்தினான்.

"ஏ, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? குடும்பத்த நாறடிச்சுட்டியே! அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சு. அவரையும் ஜெயில்ல போடப் போறியா?"

"அவரு தப்பிச்சுட்டாரு. நீ இருக்கேல்ல."

"நான் என்னா செஞ்சேன்? மருந்த ஊத்திவிட்டனா?"

"நானும்தான் ஊத்தல. தாழ்ப்பாளத் தெறக்கல. அவ்வளவுதான். அதத்தான் எழுதச் சொன்னேன்."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் அம்மா இருமினாள். போனை வாங்கவில்லை.

"இத்தன வருசம் அடக்கி ஒடுக்கி உக்கார வச்சுருக்கோம்" என்றான். குரல் இறங்கிவிட்டது. அவன் பயந்திருந்தான். ஐம்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரிப் பயந்திருந்தான். "பேரச் சொல்லிப்புட்டியே புள்ள. கடல் தாண்டினாலும் வருவா. வந்துருவா பாத்துக்க."

மரியாதை போய்விட்டது. அவுக மறுபடியும் அவளாகிவிட்டாள். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பச்சைத் துணியை மதி உடுத்தவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. இந்தச் சிவராத்திரிக்கு நான் அதிரசம் சுடவில்லை. கடையில் புளிப்பான பச்சைத் திராட்சை தேடினேன், இங்கே எல்லாம் இனிப்பு. கிடைத்ததில் கொஞ்சம் புளித்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் பக்கத்தில் வைத்தேன். மதி போய் ஒரு சுடிதார் வாங்கி வந்தாள், ஆரஞ்சு நிறம். பெரியம்மாவுக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பிடித்த நிறம் எது என்று நானும் அவளிடம் கேட்டதில்லை.

அண்ணன் சொல்வது போல அவள் வருவாளாக இருக்கலாம். மதி அந்த ஓட்டையில் இப்போது காலுறை வைப்பதில்லை. காற்றடித்தால் வீட்டுக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. நான் எழுந்து போய் மூடுவதில்லை.

வரட்டும். இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.